தொட்டு வரும், தொற்றி வராது

உடலின் உறுப்புகளுள் பெரியது எது என்று கேட்டால் ஈரல் என்பாரும் நுரையீரல் என்பாரும் உளர். தோல் என்று சொல்வார் சிலரே. வளர்ந்த மனிதர் ஒருவரின் தோலை விரித்து அளந்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். ஈரலில் வந்த நோயை வைத்தியர் அறிவார். நெஞ்சில் வந்த நோயை வீட்டார் அறிவர். தோலில் வந்த நோயையோ தெருவே அறியும். ஆகவே தோல் நோய் கண்டவர் இரண்டு துன்பங்களைச் சுமக்கிறார். ஒன்று அரிப்பு; மற்றொன்று பிறர் பார்வை. முன்னதற்குக் களிம்பு உண்டு. பின்னதற்கு அறிவு ஒன்றே மருந்து.

நம்மவரிடையே சொறி, சிரங்கு, படை, கரப்பான், குட்டம் என்று பல பெயர்கள் வழங்குகின்றன. பெயர்கள் பலவாயினும் அவற்றைக் கண்டவுடன் எழும் எண்ணம் ஒன்றே: "கிட்டே போகாதே, ஒட்டிக்கொள்ளும்." சிரங்குக்கு இவ்வெச்சரிக்கை பொருந்தும். அது நுண்ணிய பூச்சியால் வருவது. நெருங்கிப் பழகுவோருக்குப் பரவுவது. ஆனால் தோல் நோய்களுள் பெரியதொரு கூட்டம் இதற்கு நேர்மாறானது. ஒரு பொருளைத் தொட்டதனால் அது வரும். அதனை உடையவரைத் தொடுவதனால் ஒருபோதும் வாராது. தொட்டு வருவது வேறு, தொற்றி வருவது வேறு. இந்த ஒரு வேற்றுமையை அறியாமையால் நம் குடும்பங்களில் எத்தனை பேர் தனித் தட்டும் தனிப் பாயும் பெற்றனர் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

தொட்டு வரும் நோயிலும் இரு வகை உண்டு. முதலாவது, பொருளின் காரத்தால் தோல் வெந்து போவது. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் திராவகம் நீர் கலவாமல் கையில் பட்டால் யார் கையாயினும் புண்ணாகும். நாள் முழுதும் சவுக்காரத் தண்ணீரில் பாத்திரம் துலக்குவார் கை வெடித்துப் போவதும் இவ்வகையே. இதில் ஆள் வேற்றுமை அதிகமில்லை. பொருளின் வலிமையும் பட்ட நேரமுமே காரணம். வேலையால் வரும் தோல் நோயில் பெரும்பகுதி இதுவே.

இரண்டாவது வகை விந்தையானது. நூறு பேர் தொடும் ஒரு பொருள் தொண்ணூற்றொன்பது பேரை ஒன்றும் செய்யாமல் ஒருவரை மட்டும் வருத்தும். இதனையே ஒவ்வாமை என்கிறோம். அலர்ஜி என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் ஆக்கியவர் வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்பார். தோலைத் தொடும் இரசாயனத்தின் நுண்ணிய கூறு, மேல்தோலுக்குள் புகுந்து உடலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் காவலிருக்கும் அணுக்கள் அதனைப் பிடித்து, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. அங்கே இரத்த வெள்ளணுக்களுள் ஒரு பிரிவினர் அந்த அடையாளத்தை மனப்பாடம் செய்துகொள்கின்றனர். இதற்குப் பத்துப் பதினைந்து நாட்களாவது வேண்டும். சிலருக்குப் பல ஆண்டுகளும் ஆகலாம். அதன் பின்னர் அதே பொருள் மறுபடி பட்டால், அவ்வணுக்கள் திரண்டு வந்து தாக்குகின்றன. பட்ட கணத்திலன்று, ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்தே தோல் சிவந்து தடித்து, கொப்புளித்து, நீர் வடிகிறது. கார்ல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் 1942-ல் கினிப் பன்றிகளைக் கொண்டு செய்த சோதனை, இந்த நினைவு அணுக்களில் தங்கியிருப்பதைக் காட்டியது.

இவ்விளக்கத்தினின்றும் இரண்டு உண்மைகள் பெறப்படும். "இருபது வருஷமாய்ப் பூசுகிறேன், இப்பொழுதா வரும்?" என்னும் கேள்விக்கு "ஆம், இப்பொழுதும் வரும்" என்பதே விடை. நேற்றுப் பட்டதற்கு இன்றோ நாளையோ நோய் தோன்றுவதால், குற்றவாளியைக் கண்ணால் பிடிப்பது அரிது. நோய் தோன்றிய அன்று உண்ட கத்தரிக்காயும் கருவாடும் வீண்பழி சுமப்பது இதனாலேதான்.

நிற்க. நம் தந்தையார் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் மங்கு கவிழ்த்துப் பால் எடுத்து, வாளி சுமந்து கொட்டகைக்குப் போனவர். அவர் கைகளில் காய்ப்பு இருந்தது, கறை இருந்தது, நோய் இருந்ததில்லை. நகரத்துக்கு வந்து நாற்காலியில் அமர்ந்து வேலை செய்த நமக்கோ, முப்பத்தைந்தாம் வயதில் இரு பாதங்களிலும் அரிப்புக் கண்டது. முதலில் சிவப்பு, பிறகு தடிப்பு, பிறகு வெடிப்பும் நீரும். கூர்ந்து நோக்கினால் இரு கால்களிலும் ஒரே வடிவில், கட்டைவிரலின் இடுக்கில் தொடங்கி இருபுறமும் பிரிந்து செல்லும் இரு கோடுகள்.

உற்றார் பலரும் பலவாறு சொன்னார்கள். "எதையோ மிதித்துவிட்டு வந்திருக்கிறாய், தம்பி, கழிப்புக் கழித்தால் சரியாய்ப் போகும்" என்றார் அத்தை. சர்க்கரை வியாதியின் அடையாளம் என்றார் ஒருவர். இரத்தம் கெட்டுவிட்டது என்றார் மற்றொருவர். மருந்துக் கடைக்காரர் ஒரு களிம்பை நீட்டினார். அதனைப் பூசப் பூசப் புண் விரிந்ததேயன்றி அடங்கவில்லை. இவற்றையெல்லாம் பொறுக்கலாம். உறவினர் வீட்டுக்குச் சென்றபோது, நம் மடியில் ஏறிய சிறு குழந்தையை அதன் தாய் மெல்ல வந்து தூக்கிக்கொண்டு போனாள். அவள் கடுஞ்சொல் ஒன்றும் கூறவில்லை. அந்த மென்மையே வருத்தியது.

அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் வைத்தியர் நம் கால்களைப் பார்த்த பின் கேட்ட முதற் கேள்வி இது: "வீட்டில் என்ன செருப்புப் போடுகிறீர்கள்?" ரப்பர் சிலிப்பர் என்றோம். "அடுத்த முறை அதையும், பூசுகிற களிம்பையும் கொண்டு வாருங்கள்" என்றார். பிறகு ஒட்டுச் சோதனை செய்ய நாள் குறித்தார்.

அச்சோதனை எப்படி நடக்கிறது என்பதை அன்பர்கள் அறிந்திருத்தல் நலம். சட்டைப் பித்தான் அளவுள்ள சிறிய அலுமினியக் கிண்ணங்கள் வரிசையாக ஒட்டுத் துணியில் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை, பெரும்பாலும் வாசலினில் குழைத்து, கணுவளவு வைப்பர். நிக்கல் உப்பு நூற்றுக்கு 5 பங்கு, பொட்டாசியம் டைக்குரோமேட் நூற்றுக்கு அரைப் பங்கு என்று அளவுகள் திட்டமாக உண்டு. ஒவ்வாதவர் தோலைத் தூண்டவும், ஒத்துக்கொள்பவர் தோலைப் புண்ணாக்காதிருக்கவும் தக்க அளவு அது. இக்கிண்ணங்களை முதுகின் மேற்பகுதியில் ஒட்டி, மையால் அடையாளமிட்டு அனுப்பிவிடுவர். ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை. இரண்டு நாட்கள் கழித்துக் கிண்ணங்களை எடுத்துவிட்டு முதன்முறை பார்ப்பர். நான்காம் நாள் வாக்கில் மறுமுறை பார்ப்பர். சில உலோகங்களும் மருந்துகளும் காலந்தாழ்த்திக் காட்டுவதால் ஏழாம் நாளும் பார்ப்பது உண்டு. இலேசான சிவப்பும் தடிப்பும் ஒரு கூட்டற் குறி. நுண் கொப்புளம் கண்டால் இரண்டு. பெருங் கொப்புளமாயின் மூன்று.

கேட்பதற்கு எளிது. இந்நாட்டு வெப்பத்தில் அத்தனை நாள் முதுகு நனையாதிருப்பது எளிதன்று. குளிக்கலாகாது என்பதில்லை, முதுகில் தண்ணீர் படலாகாது. வியர்க்க வேலை செய்யலாகாது. இரவில் முதுகின் ஓரிடம் தினவெடுக்கும்; சொறியலாகாது. காலை மாலை இருவேளை நீராடிப் பழகிய நமக்கு, ஈரத் துணியால் உடலைத் துடைத்துக்கொண்டு அந்த வாரத்தைக் கழித்தது ஒரு நோன்பாகவே இருந்தது.

நான்காம் நாள் ஒரு கிண்ணத்தின் தடத்தில் நுண் கொப்புளங்கள் கூட்டமாய் நின்றன. மெர்காப்டோபென்ஸோதயஸோல் என்னும் பொருள் அது. ஏழாம் நாள் மற்றொரு தடம் சிவந்து தடித்தது. அது நியோமைசின், கடைக்காரர் நீட்டிய களிம்பில் இருந்த மருந்து. நோயை உண்டாக்கியது செருப்பு. அதனை ஆறவொட்டாமல் வளர்த்தது மருந்து.

மெர்காப்டோபென்ஸோதயஸோல் என்பது யாது? இங்கேதான் தந்தையின் கையும் மகனின் காலும் வேறுபட்ட காரணம் விளங்குகிறது. மரத்திலிருந்து வடியும் பால் அப்படியே செருப்பாகிவிடாது. அது வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்ல்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதி பெறும் என்று கண்டார். அவ்வேலை மணிக்கணக்கில் நீண்டது. 1906-ல் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் என்பார், சில இரசாயனங்களைச் சிறிது சேர்த்தால் அது விரைவில் முடிகிறது என்று கண்டார். அன்று முதல் இத்தகைய விரைவூட்டிகள் ரப்பர்த் தொழிலில் நிலைத்துவிட்டன. மெர்காப்டோபென்ஸோதயஸோல், தயுராம், கார்பமேட் என்பன இன்று வழங்குபவை. அவற்றின் எச்சம் செருப்பிலும் கையுறையிலும் தங்கி, வியர்வையில் கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. நம் தந்தையார் தொட்டது மரத்தின் பால். நாம் அணிந்தது தொழிற்சாலையின் ரப்பர். 1877-ல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்து பெருகிய இந்த மரம் நம் மக்களுக்குச் சோறு போட்டது. அதன்மேல் பழியில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. ரப்பர்ப் பாலிலுள்ள புரதத்துக்கே ஒவ்வாதவரும் உண்டு. அவர்க்குக் கையுறை அணிந்த சில நிமிடங்களில் தடிப்பும் தும்மலும், சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். அது வேறு வகை ஒவ்வாமை. அதனை ஒட்டுச் சோதனை காட்டாது. தோலைக் கீறிப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையுமே காட்டும். அவ்வாறே, பாலில்லாத நைட்ரைல் கையுறைக்கு மாறியும் கை ஆறவில்லை என்பார் உளர். அக்கையுறையிலும் விரைவூட்டிகள் உண்டு என்பதே காரணம். அவை கலவாத கையுறைகளும் இப்பொழுது கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும்.

ஒட்டுச் சோதனை புதியதன்று. 1895-ல் யோசெப் யாடசோன் என்னும் ஜெர்மானிய வைத்தியர், பாதரச மருந்தால் தோல் நோய் கண்ட நோயாளியிடம் அதே மருந்தைத் தோலில் சிறிது இட்டுக் கட்டிப் பார்த்து, காரணம் அதுவே என்று நிறுவினார். அன்று தொடங்கியது இம்முறை. கருவிகள் திருந்தியுள்ளன; கருத்து மாறவில்லை. ஐயப்படும் பொருளையே அழைத்துத் தோலின் முன் நிறுத்தி, "இவன்தானா?" என்று கேட்கிறோம். தோல் விடை கூறுகிறது. எனினும் தோல் சொல்வதெல்லாம் தீர்ப்பாகாது. நிக்கலுக்கு முதுகு சிவந்தது என்பதனால் காலில் உள்ள புண்ணுக்கு நிக்கல்தான் காரணம் என்று கொள்ளலாகாது. அப்பொருள் அவ்விடத்தில் படுகிறதா என்று விசாரித்த பின்னரே வைத்தியர் முடிவு கூறுவார். ஆகவே வீட்டில் கண்டதை முதுகில் ஒட்டிப் பார்த்தல் தகாது.

இனி, நம்மவர் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் பொருள்களுள் சிலவற்றைக் கவனிப்போம்.

முதலாவது நிக்கல். கவரிங் நகை, கைக்கடிகாரத்தின் பின்புறம், இடைவார்க் கொக்கி, கால்சட்டைப் பித்தான் ஆகியவற்றில் இது உண்டு. உலகெங்கும் ஒட்டுச் சோதனையில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. காது குத்திய புண் ஆறுமுன் மலிவான தோட்டை இட்டால் உலோகம் நேரே உடலுக்குள் இறங்குகிறது. அவ்வழியாகவே பலருக்கு இவ்வொவ்வாமை தொடங்குகிறது. ஐரோப்பியர் 1994-ல் சட்டம் இயற்றி, தோலோடு ஒட்டிக் கிடக்கும் பொருள்களிலிருந்து நிக்கல் கசிவதற்கு எல்லை வகுத்தனர். நம் பெண்மக்களுக்குக் காது குத்துவோர் தோட்டின் உலோகத்தையும் விசாரிப்பாராக.

இரண்டாவது தலைச்சாயம். நரையை மறைக்கும் கருஞ்சாயங்களில் பாரா பெனிலீன் டையமின் என்பது கலந்திருக்கும். ஒவ்வாதவர்க்கு நெற்றியும் காதும் கண்ணிமையும் வீங்கி முகமே மாறிவிடும். மருதாணி இலை சிவப்பையே தரும். ஒரு மணி நேரத்தில் கரிய கோலம் இடுகிறோம் என்று கடைவீதியில் கூறுவோர் பெரும்பாலும் இச்சாயத்தையே கலக்கின்றனர். அதனால் குழந்தைப் பருவத்தில் வந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுதும் நீங்காது.

மூன்றாவது சிமெண்டு. கொத்து வேலை செய்வார் கை வெடித்து மரத்தோல்போல் ஆவதற்கு, சிமெண்டின் காரத்தோடு அதில் கலந்துள்ள குரோமியமும் ஒரு காரணம். அன்னபேதியைச் சிறிது சேர்த்தால் அது தீங்கற்ற வடிவுக்கு மாறிவிடும். ஐரோப்பாவில் 2005 முதல், பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேல் அந்தக் குரோமியம் இருத்தலாகாது என்பது விதி. அன்னபேதியின் விலை சொற்பம். ஒரு கொத்தனாரின் கை விலைமதிப்பற்றது.

நான்காவது மரஞ்செடிகள். இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது என்பது வீண் நம்பிக்கை. மலாய்க் காடுகளின் ரெங்காஸ் மரத்துப் பால், முந்திரிக் கொட்டையின் ஓட்டெண்ணெய், நம் நாட்டுச் சேங்கொட்டை ஆகிய மூன்றும் மாமரத்தின் இனத்தன. மூன்றும் தோலைக் கொப்புளிக்கச் செய்வன. சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டை மை, இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரரின் கழுத்திலும் இடுப்பிலும் புண் உண்டாக்கிற்று. வாசனைத் தைலங்களும் இவ்வகையில் சேரும்.

ஐந்தாவது பொட்டு. இதனை மட்டும் சற்று விரித்துரைக்க வேண்டும். நம் மூத்த தமக்கையார் ஒட்டுப் பொட்டு வைத்துப் பழகியவர். அவர் நெற்றியில் பொட்டளவான வெள்ளைத் தழும்பு ஒன்று தோன்றிற்று. அரிப்பில்லை, வலியில்லை. ஆயினும் அக்காளின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்நெற்றியை நோக்கினர்; "வெண்குட்டம் குடும்பத்தில் உண்டோ?" என்று தரகரிடம் கேட்டனுப்பினர். பேச்சு அத்துடன் நின்றது. அன்று முதல் அக்காள் முக்காடின்றி வெளியே வருவதில்லை. சில ஒட்டுப் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் இரசாயனம் உண்டு. அது தோலுக்கு நிறம் தரும் அணுக்களைக் கெடுக்கவல்லது. தழும்பு பொட்டின் வட்டத்தில் தொடங்கியதே அதற்கு அடையாளம். வைத்தியர் இதனை விளக்கிப் பொட்டை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியவர் எல்லாருக்கும் நிறம் மீள்வதில்லை. அக்காளுக்குப் பெரும்பகுதி மீண்டது. நின்றுபோன பேச்சு மீளவில்லை. ஒரு பசையின் குற்றம் ஒரு குலத்தின் குற்றமாக எண்ணப்பட்டது. வெண்படையேயாயினும் அது தொற்றுவதன்று, இழிவுமன்று. அதனையும் நம்மவர் உணரக் காணோம்.

தொழிலாளர்க்கு ஒரு வார்த்தை. வேலையால் தோல் நோய் கண்டவர் அதனை மறைத்தால் நோயும் முற்றும், உரிமையும் போகும். மலேசியாவில் 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழில்வழி நோய்களுக்கு ஓர் அட்டவணை வகுத்துள்ளது. தோல் நோய்களும் அதில் உள. வேலையில்லா நாட்களில் கை ஆறுகிறதா, வேலைக்குத் திரும்பியதும் மீளுகிறதா என்று நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொடும் பொருள்களின் பெயரை எழுதிக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள். சிங்கப்பூரில் 1988 முதல் தேசியத் தோல் நிலையம் இயங்குகிறது. ஒட்டுச் சோதனை அங்கு நாள்தோறும் நடைபெறும் பணி. மலேசியாவிலும் தோல் வைத்தியப் பிரிவுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் விசாரித்து அறியலாம்.

இந்நோய்க்கு வேரோடு தீர்க்கும் மருந்து இல்லை. உடலின் நினைவை அழிக்கும் வழி இன்னும் அறியப்படவில்லை. ஆனால் பகைப் பொருளின் பெயர் தெரிந்துவிட்டால் அதனை விலக்கி நலமாக வாழலாம். நாம் இப்பொழுது தோற்செருப்பு அணிகிறோம். தோலைப் பதப்படுத்தவும் குரோமியம் பயன்படுகிறது. நல்வேளையாக நம் முதுகு அதற்குச் சிவக்கவில்லை. பாதம் ஆறி ஆண்டுகள் பல ஆயின. அத்தைக்கு மட்டும் கழிப்புக் கழிக்காமல் ஆறியது எப்படி என்பதில் இன்னும் ஐயம் உண்டு. அவருடைய ஐயத்தை நாம் பொருட்படுத்தவில்லை. ஏனெனில் அவர் நம்மை ஒருநாளும் தனித் தட்டில் உண்ணச் செய்ததில்லை.

அறிவு பெற்றோர் அத்தையின் அன்பையும் பெறுவாராக. அடுத்த முறை ஒருவரது கையிலோ காலிலோ புண்ணைக் காணும்போது, விலகி நின்று முகம் சுளியாமல், "எதைத் தொடுகிறீர்கள்?" என்று வினவுங்கள். அக்கேள்வியே பாதி வைத்தியம்.